சிவப்பு விளக்கில் அம்மன் லோரி

போலீஸ் காரைப் பார்த்து ஹாரன் அடித்த லோரிக்காரர்கள் மலாக்காவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் அடித்திருக்கிறேன். ஜாசின் பக்கம் ஒரு சந்திப்பு. மத்தியான வெயில், குறுக்கே ஈ காக்கை இல்லை. எனக்கு முன்னால் ஒரு ரோந்துக் கார் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தது. என் லோரி நிறையச் செம்பனைக் குலைகள். ஆலை வாசலில் வரிசை நீளுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போலீஸ்காரனுக்கு என்ன, நினைத்தால் போய்விடுவான், அவன் போனால் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் போய்விடலாம் என்று காத்திருந்தேன். கார் அசையவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், பொய்யில்லை. ஹாரனைத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து, உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றது. விளக்கு பச்சையானதும் கார் நிதானமாகக் கிளம்பிப் போனது.

அன்று சாயங்காலம் என் தங்கையிடமிருந்து போன் வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, குலை ஏத்துற லோரில ஹாரன் நல்லா வேல செய்யுது போல?"

என் தங்கைதான் அந்தக் காரை ஓட்டியவள். ஜாசின் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் கோப்ரல். புருஷன் வீடு தங்கா பத்துவில். அங்கிருந்து பட்டணத்தைக் கடந்து இந்தப் பக்கம் வேலைக்கு வந்து போகிறாள். நானும் அவளும் ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபோது எங்கள் குடும்பம் வெளியேறி டவுன் வீடமைப்புக்கு வந்தது. தோட்டத்துப் பழைய ஆட்கள் போலீஸை 'மாத்தா மாத்தா' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்த லயத்திலிருந்து ஒரு பெண் மாத்தா ஆனது எங்களுக்கெல்லாம் பெருமை. எனக்கு அந்தப் பெருமையோடு ஒரு சின்ன ஆசையும் இருந்தது, வீட்டில் ஒரு போலீஸ் இருந்தால் ரோட்டில் கொஞ்சம் சலுகை கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அந்தக் கை சொல்லிவிட்டது.

போலீஸ் வண்டி ரோட்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா, வேண்டாமா என்பது எங்கள் சாப்பாட்டுக் கடைப் பேச்சில் தீராத வழக்கு. லோரிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இதுதான். அங்கே மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள், இங்கே இரட்டைக் கோட்டைத் தாண்டினார்கள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்போம். நானும் சளைத்தவன் இல்லை. நாம் செய்தால் சம்மன், அவர்கள் செய்தால் கடமையா என்று மேஜையைத் தட்டியிருக்கிறேன். ஒரு நாள் அதே கேள்வியைத் தங்கையிடமே கேட்டேன். அவள் தன் ஆட்களுக்காக வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். செய்யிறவங்க இருக்காங்க, அது தப்புதான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிறகு விளக்கினாள். அவசரத்துக்குப் போகும்போது, நீல விளக்கும் சைரனும் போட்டுக்கொண்டு போனால், சிவப்பைத் தாண்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, மற்றவனுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் போக வேண்டும். மற்ற நேரத்தில் அந்தக் காரும் என் லோரியும் ஒன்றுதான்.

"சைரன் கேட்டா மத்தவங்க வழி விடணும், அது அவங்க கடமை. விடுவாங்கன்னு நம்பி நான் போயிரக் கூடாது, அது என் கடமை" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வண்டி ஓட்டுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். எத்தனையோ வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் நான், வண்டி ஓட்டத்தில் ஒருவரை மெச்சுவது எனக்குச் சுலபம் இல்லை. அவளை மெச்சினேன். ஆள் இல்லாத திருப்பத்திலும் சிக்னல் போடுவாள். தேநீர் வாங்க வேண்டுமென்றால் ரோந்துக் காரை ஒழுங்கான இடத்தில் நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து போய் வாங்கிக்கொண்டு நடந்து வருவாள். கூட வேலை செய்யும் மலாய்க்காரர், வயதில் மூத்தவர், ஓய்வு பெறும் காலத்தை எண்ணிக்கொண்டிருப்பவர். இந்தப் பெண்ணோடு வேலை செய்தால் கால் தேய்ந்துவிடும் என்று என்னிடமே மலாயில் குறை சொன்னார். குறையில் பெருமையும் கலந்திருந்தது.

இது இப்படி இருக்கும்போதுதான் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். தள்ளிப்போட வேண்டாம், அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார் டாக்டர். நாளும் குறித்துக் கொடுத்தார். அது மாசி மகம் முடிந்த அடுத்த வாரம் விழுந்தது. நான் பயந்துபோனேன். அவளோ அமைதியாக இருந்தாள். அம்மனைக் கடலுக்குக் கொண்டு போகும்போது மடியில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு வைத்துக்கொண்டு வருவதாக நேர்ந்துகொண்டேன், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றாள். நல்லது என்றேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கலக்கியது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் அங்கேயே, செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. லயங்கள் போய்விட்டன, ஆட்கள் பட்டணம் போய்விட்டார்கள். மாசி மகத்துக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வந்து, அம்மனை அலங்கரித்த லோரியில் ஏற்றி செர்காம் கடற்கரைக்குக் கொண்டு போவோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அது நசுங்கிய பிறகு கடலைப் பார்க்கும்வரை சக்கரம் நிற்கக் கூடாது. செம்மண் ரோட்டில் மாட்டு வண்டியில் போன காலத்து வழக்கம். அப்போது குறுக்கே வந்தது மாடும் ஆடும்தான். இப்போது வழியில் மூன்று ட்ராபிக் லைட் வந்துவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு வருடம் தோட்டத்து மேட்டில் லோரி எஞ்சின் அணைந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த என் மாமியார் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். இரண்டையும் என் மனைவி மனசில் சேர்த்து முடிந்து வைத்திருந்தாள். அதை யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

"இந்த வருஷம் சக்கரம் நின்னுச்சுன்னா நான் ஆப்பரேஷனுக்குப் போக மாட்டேங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னால் அது முடிவு. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது தெரியும்.

அம்மன் லோரியை ஓட்டுவது ஒவ்வொரு வருடமும் நான்தான். முன்னால் ஒரு போலீஸ் கார் போகும். போன வருடங்களில் அந்தக் கார் நீல விளக்கைச் சுழலவிட்டபடி சிவப்பைத் தாண்டிப் போகும், பின்னால் நான், எனக்குப் பின்னால் பஸ், வேன், கார் என்று ஊரே தாண்டும். முன்னால் போலீஸ் போனால் பின்னால் போகிறவனும் போலீஸ் மாதிரிதான் என்பது எங்கள் கோயில் தலைவர் கண்டுபிடித்த சட்டம். அதை நாங்கள் எல்லாருமே நம்பினோம். கடைசியாக வந்த காருக்குக் கூட, அது எவ்வளவு பின்தங்கி வந்தாலும், நாமும் ஊர்வலம்தானே என்ற தைரியம் இருந்தது. ஒரு வருடம் அப்படி வந்த ஒரு வேனை மோட்டார் சைக்கிள் ஒன்று உரசிவிட்டுப் போனது. அம்மன் காப்பாற்றினாள் என்றோம். அந்தப் பக்கம் பச்சை என்பதை யாரும் பேசவில்லை.

இந்த வருடம் தமிழ் தெரிந்தவர் இருந்தால் நல்லது என்று சொல்லி, நிலையத்தில் என் தங்கையை அந்த வேலைக்குப் போட்டார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் முகம் தெளிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கையை வீட்டுக்குக் கூப்பிட்டு, கோழிக்கறி ஆக்கிப் போட்டு, என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அந்த மூன்று விளக்கையும் தாண்டிப் போய்விடு, எனக்காக ஒரு நாள் என்றாள்.

தங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அவசரம்னா ரத்தம், நெருப்பு, திருடன். சாமி ஊர்வலம் அவசரம் இல்ல அண்ணி. நான் சிவப்பைத் தாண்ட முடியாது."

என் மனைவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. உனக்குச் சட்டம் பெரிசா, உன் அண்ணி உயிர் பெரிசா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் விடவில்லை. கையைக் கழுவிவிட்டு, அடுப்படி வாசலில் நின்று வரேன் அண்ணி என்றாள். அதன் பிறகு என் மனைவி அவளோடு பேசவே இல்லை, போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவாள்.

கோயில் கூட்டத்தில் தங்கை வந்து விதிகளைச் சொன்னபோது நிலைமை இன்னும் மோசமானது. அலங்கார லோரியின் பின்னால் பூசாரியைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்றாள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பமே அம்மன் காலடியில் உட்கார்ந்து வரும். அது இந்த வருடம் கிடையாது. நேர்ந்துகொண்டவர்கள் லோரியின் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு வரலாம், அதுவும் ஒருவர்தான். பின்னால் வரும் வண்டிகள் விளக்குக்கு நிற்க வேண்டும். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் காண்ட்ராக்டர், பெரிய நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவர், ரோட்டில் நின்று பழக்கமில்லாதவர். நம்ம தோட்டத்துப் பிள்ளைக்குச் சட்டை போட்டதும் நம்மளயே தெரியல என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவளுக்காகப் பேசவும் இல்லை.

மாசி மகத்துக்கு முதல் நாள் லோரியைக் கழுவினேன். செம்பனை எண்ணெய் வாடை சும்மா போகாது. சீயக்காய், எலுமிச்சை, சோப்பு என்று எல்லாம் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாழை மரம் கட்டி முடிக்கும்போது தங்கை போன் செய்தாள். நான் எடுத்து உம் என்றேன்.

"நாளைக்கு மொதோ கியர்லயே வா அண்ணே. என்னை முந்தாத. நிக்கவும் நிக்காத. நான் எங்க நின்னாலும் என் கையைப் பாரு. கை வான்னா மட்டும் வா."

நிற்காதே என்கிறாள், தானோ நிற்பேன் என்கிறாள். என்ன சொல்கிறாய் என்று கேட்பதற்குள் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மேளம் முழங்க அம்மனை ஏற்றினோம். என் மனைவி மஞ்சள் புடவையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, சொம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொம்பின் வாயில் வேப்பிலை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்னால் ரோந்துக் கார் நகர்ந்தது. ஓட்டியவள் தங்கை, பக்கத்தில் அந்த மலாய்க்காரர். என் மனைவி அந்தக் காரைப் பார்க்காமல் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முதல் விளக்கு பச்சையாகக் கிடைத்தது. இரண்டாவது விளக்கு தூரத்திலேயே சிவப்பாகத் தெரிந்தது. அவள் அங்கேயே வேகத்தைக் குறைத்தாள். மனுஷன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டாள். நானும் ஊர்ந்தேன். பின்னாலிருந்து ஹாரன் சத்தம், தலைவர்தான். ஊர்ந்து ஊர்ந்து நாங்கள் கிட்டே போகும்போது விளக்கு பச்சையாக மாறியது. சக்கரம் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, இதைத்தான் சொன்னாயா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது விளக்குதான் கண்டம். தோட்டப் பக்கத்துச் சாலை கடலோரப் பெரிய சாலையில் போய் முட்டும் இடம் அது. மூவாருக்கும் மலாக்காவுக்கும் போகிற வண்டிகள் அங்கே பறக்கும். பச்சையில்தான் நெருங்கினோம். கடைசி நேரத்தில் மஞ்சளாகி, சிவப்பாகிவிட்டது. முன்னால் போனவள் நினைத்திருந்தால் மஞ்சளிலேயே தாண்டியிருக்கலாம். அவள் வலது தடத்தில் போய்க் கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். இடது தடம் எனக்குக் காலியாக இருந்தது. எதிரே சிவப்பு. பக்கத்தில் என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிளட்சை மிதித்து, விட்டு, மிதித்து, லோரியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். கிளட்ச் தீய்கிற வாடை உள்ளே ஏறியது.

காரின் இரண்டு கதவும் திறந்தன. மலாய்க்காரர் மூவார் பக்கம் ஓடினார். என் தங்கை நடுச் சந்திப்புக்கு நடந்து போய் இரண்டு கையையும் தூக்கினாள். சீருடையில் இருக்கும் போலீஸ் ரோட்டில் இறங்கிக் கை காட்டினால், விளக்கு எந்த நிறத்தில் இருந்தாலும் அந்தக் கைதான் சட்டம். லைசென்ஸ் எடுக்கும்போது நானும் படித்ததுதான். பரீட்சை எழுதியதோடு மறந்துவிட்டேன். அவளுடைய காருக்கு அன்று சிவப்பைத் தாண்ட உரிமை இல்லை. அவளுடைய கைக்கு எங்களைத் தாண்டவிட உரிமை இருந்தது. அண்ணியின் நேர்த்திக்கடனுக்கும் தன் வேலைக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த வழி அதுதான். அதை அவள் எங்களிடம் விளக்கிச் சொல்லாததற்கு நான்தான் காரணம். அன்று சாப்பாட்டு மேஜையில் நான் அவளைப் பேசவே விடவில்லை.

மூவார் பக்கத்திலிருந்து வந்த கார்கள் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மலாக்கா பக்கத்திலிருந்து ஒரு மணல் லோரி வந்தது. பாரம் ஏற்றிய லோரியை நிறுத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அவன் வந்த வேகத்தைப் பார்த்ததுமே இவன் நிறுத்த மாட்டான் என்று நினைத்தேன். அவள் ஒதுங்கிக்கொள்வாள் என்றும் நினைத்தேன். ஒதுங்கவில்லை. அவனைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, மறுகையால் என்னை நில் என்று தடுத்தாள். என்னை அறியாமல் என் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. மணல் லோரி டயர்கள் அலறின. லோரி முழுக்கக் குலுங்கி, அவளுக்கு ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால் நின்றது. அவள் தொப்பி மட்டும் காற்றில் ஆடியது. அந்த ஓட்டுநரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பி, வா என்று கையைக் காட்டினாள்.

என் மனைவி கண்ணைத் திறந்திருந்தாள். எப்போது திறந்தாள் என்று தெரியாது. என் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைத் தாண்டித் திரும்பும்போது, ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பி, அவள் மறைகிறவரை பார்த்தாள்.

நாங்கள் தாண்டியதும் தங்கை கையை மாற்றிக்கொண்டாள். தலைவருடைய வண்டி எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, அதை உள்ளங்கையால் நிறுத்தினாள். பஸ், வேன், எல்லாரும் கோட்டுக்குப் பின்னால். அங்கே நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். தலைவர் கண்ணாடியை இறக்கிக் கத்தியிருக்கிறார். நாங்க அம்மன் கூட வர்றவங்க, தெரியலயா என்று கேட்டிருக்கிறார். வழி அம்மனுக்குத்தான் ஐயா, உங்களுக்குப் பச்சை வரும் என்று பதில் சொல்லியிருக்கிறாள். மற்ற வண்டிகளை விளக்குப்படி விட்டுவிட்டு, தன் காரில் ஏறி, அவளும் பச்சைக்குக் காத்திருந்திருக்கிறாள். ஆக அந்த வருடம் எங்கள் அம்மன் போலீஸும் இல்லாமல், ஊரும் இல்லாமல், ஒரு செம்பனை லோரிக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் பூசாரியையும் மட்டும் கூட்டிக்கொண்டு செர்காம் கடலுக்குப் போய்ச் சேர்ந்தாள். மீன் சுடுகிற கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஊர்வலம் எங்கே என்று ஒருவர் மலாயில் கேட்டார். சிவப்பு விளக்கில் நிற்கிறது என்றேன்.

ஊர் சனமெல்லாம் வந்து சேர்ந்த பிறகு பூசை நடந்தது. என் மனைவி முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சொம்பைக் கவிழ்த்தாள். கரையேறி, ஈரப் புடவையோடு, யாரிடமும் பேசாமல் ரோந்துக் கார் நின்ற இடத்துக்கு நடந்தாள். எனக்குப் பயம்தான், என்ன கேட்கப் போகிறாளோ என்று.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

"டியூட்டி முடியட்டும் அண்ணி" என்றாள் தங்கை. என் மனைவி பொங்கலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மலாய்க்காரருக்கும் சேர்த்துத்தான்.

எனக்கு மட்டும் ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. சக்கரம் நின்றதா, நிற்கவில்லையா? ஓட்டியவனுக்குத் தெரியாமல் போகுமா. நின்றது. கண்ணிமைக்கிற நேரம்தான், ஆனால் நின்றது. தங்கைக்கும் தெரிந்திருக்கும், அவள்தான் நில் என்று கை காட்டியவள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. என் மனைவி துணிமணிகளை எடுத்துப் பையில் அடுக்கியபோது நானும் வாயை மூடிக்கொண்டு உதவி செய்தேன்.

ஆப்பரேஷன் அன்று காலையில் தங்கை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சீருடை இல்லாமல் பஞ்சாபி உடையில் பார்க்கச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். தாதி வந்து, நகைகளைக் கழற்றிவிடுங்கள், கழுத்தில் இருப்பதையும் என்றார். என் மனைவி தாலியைத் தங்கச் சங்கிலியில் கோத்தவள் இல்லை, மஞ்சள் கயிற்றிலேயே போட்டிருந்தாள். அதை எடுக்கச் சொன்னதும் அவள் முகம் மாறும், இங்கேதான் மறுபடி மறுக்கப் போகிறாள் என்று நினைத்து, சமாதானம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கையமர்த்தினாள்.

"லோரி நின்னுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க பிரேக் போட்டதுல சொம்புத் தண்ணி என் மடியில ஊத்திருச்சு."

தெரிந்துமா இங்கே வந்தாய் என்றேன்.

"லோரி நின்னா என்ன. இவ நின்னத நான் பாத்தேன்ல."

சொல்லிவிட்டுத் தாலியைத் தலை வழியாகக் கழற்றினாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி என் தங்கையின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"மூணு முடிச்சுல உங்க அண்ணன் போட்டது ஒண்ணுதான். ரெண்டு நாத்தனார் முடிச்சு, நீ போட்டது. நீயே வச்சிரு. நான் வந்ததும் நீயே கட்டிவிடு."

மணல் லோரிக்கு முன்னால் அசையாமல் நின்றவள், அந்த வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை மணி நேரமும் உட்காரவே இல்லை. மூடிய கையைத் திறக்கவும் இல்லை. தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன், இடது கையால் வாங்கிக் குடித்தாள். டாக்டர் வந்து நல்லபடி எடுத்துவிட்டோம் என்று சொன்னபோது கூட அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மருந்தும் சிகிச்சையும் நீளமாகப் போயின, முடியும் கொட்டி முளைத்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். தலைவர் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பேன் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடத்துக்கான பெர்மிட் எழுதும்போது அதே பெண்ணையே போடச் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார்.

ஆப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தங்கை புது மஞ்சள் கயிறு வாங்கி, தாலியை அதில் கோத்துக் கொண்டு வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் என் மனைவி கட்டுப்போட்ட மார்போடு மெல்லக் குனிந்து கழுத்தைக் காட்டினாள். முதல் முடிச்சை நான் போட வேண்டுமே என்று கிட்டே போனேன். தங்கை திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினாள். நான் நின்றுவிட்டேன். மூன்று முடிச்சையும் அவளே போட்டாள்.